எந்திரிக்காதீக

அது இடுப்பு பெல்ட்டுதானம்மா? பெட்டியில படம் போட்டிருக்கே, அதான் கேட்டேன். யாருக்கு, ஒங்க வீட்டுக்காரருக்கா? எத்தன நாளாச்சு? நாலு நாளா! ஐயோ. இப்ப வீட்ல தனியாவா இருக்காரு? எந்திரிச்சு நடமாடுறாரா? விடாதீக தாயி. முன்னப்பின்ன தெரியாதவ சொல்றாளேன்னு நெனைக்காதீக. எந்திரிக்க விடாதீக. நான் பட்டதச் சொல்றேன், கேட்டுட்டு அப்புறம் ஒங்க இஷ்டம். கோவில்பட்டி போக இன்னும் முக்கா மணி நேரம் ஆகும். இந்த பஸ்ஸு எல்லா ஊர்லயும் நின்னு நின்னுதான் போகும்.

எங்க வீட்டுக்காரவுக கேஸ் ஏஜென்சியில சிலிண்டர் போடுறவுக. இருபத்தோரு வருசமா அதே வேலை. சிலிண்டர் என்ன கனம் இருக்கும்னு ஒங்களுக்கே தெரியும், நீங்களும் உருட்டிப் பாத்திருப்பீக. அதத் தோள்ல வச்சுக்கிட்டு மூணு மாடி ஏறுவாக. ஒரு நாள் இடுப்பு வலின்னு சொன்னதில்ல. அப்பேர்ப்பட்டவுகள எது சாச்சதுன்றீக? சோப்பு. வழுக்கி விழல, எல்லாரும் அப்பிடித்தான் நெனைக்கிறாக. குளிக்கிறப்ப சோப்பு கைய விட்டு நழுவிருச்சு. குனிஞ்சு எடுத்தாக. அம்புட்டுத்தான்.

ஒரு சத்தம் கேட்டுச்சு பாருங்க. நான் அடுப்படியில இருந்தேன். பாம்பு கொத்திருச்சுன்னு நெனச்சு கரண்டியோட ஓடுறேன். அவுக ரெண்டு கையையும் தரையில ஊனி, முட்டி போட்டு, மாடு மாதிரி நிக்காக. தலையில சோப்பு நுரை அப்பிடியே இருக்கு. "செல்லக்கனி, தொடாத, தொடாத"ங்கிறாக. கண்ணு ரெண்டும் செவந்து போச்சு. நிமிர முடியல, படுக்கவும் முடியல. நான் அப்பிடியே சுவத்துல சாஞ்சுட்டேன். ஏன்னா நான் ஏற்கெனவே ஒண்ணப் பாத்தவ.

எனக்கு ஒரு அண்ணன் இருந்தான். தங்கமாரின்னு பேரு. கட்டட வேலைக்குப் போனவன், சாரத்துல இருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இல்லாமப் போச்சு. ஆறு வருசம் படுக்கையில கெடந்தான். நான்தான் பாத்தேன். எங்கம்மா அப்பவே இல்ல. அத விடுங்க. அதச் சொன்னா நான் அழுதுருவேன், பஸ்ஸுல எல்லாரும் திரும்பிப் பாப்பாக.

பக்கத்து வீட்டு ஆளுகளக் கூப்பிட்டு, ஆட்டோ புடிச்சு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். வழியில ஒவ்வொரு வேகத்தடைக்கும் அவுக கத்துனாக, நானும் கத்துனேன். டாக்டர் காலத் தூக்கச் சொன்னாரு, தூக்குனாக. பெருவிரல ஆட்டச் சொன்னாரு, ஆட்டுனாக. ஒண்ணுக்கு ஒழுங்காப் போகுதான்னு கேட்டாரு. "காலுக்கு ஒண்ணும் ஆகலம்மா, பயப்படாதீங்க. ரொம்ப வலிச்சா ரெண்டு நாள் படுக்கட்டும், அப்புறம் மெல்ல நடக்கட்டும்"னாரு. படுக்கட்டும்னாரு. அது டாக்டர் வாயில இருந்து வந்த வார்த்தை. எனக்கு அது போதும்.

அடுத்த ரூம்ல பிசியோதெரபி பாக்குற பொண்ணு ஒண்ணு இருந்துச்சு. என் மக வயசுதான் இருக்கும், என் மகளக் கட்டிக் குடுத்துத் திருப்பூர்ல இருக்கா. அந்தப் பொண்ணு ஒரு பேப்பர் குடுத்துச்சு. அதுல ஒரு ஆளு மல்லாக்கப் படுத்து முழங்கால நெஞ்சுக்குக் கொண்டு வர்றான். இன்னொரு படத்துல இடுப்பத் தூக்குறான். கடைசிப் படத்துல கைய வீசி நடக்குறான். "எந்திரிக்கும்போது நேரா எந்திரிக்கக் கூடாது, ஒருக்களிச்சுப் படுத்து, கைய ஊனி எந்திரிங்க. தினமும் நடங்க. வலிக்கும். வலிச்சா எதுவும் ஒடஞ்சு போகாது"ன்னு சிரிச்சுக்கிட்டே சொல்லுது. எனக்கு வந்துச்சே கோவம். ஒடஞ்சா அதுவா வந்து பாக்கும்? ஆறு வருசம் அதுவா மலம் அள்ளும்? நான் மாத்திரை வாங்க வெளிய போயிட்டேன். அந்தக் கொஞ்ச நேரத்துல அது இவுகளுக்கு என்னென்னமோ செஞ்சு காட்டியிருக்கு. அது எனக்கு அப்புறந்தான் தெரிஞ்சுச்சு.

பேப்பர வீட்டுக்குக் கொண்டு வந்து சாமி படத்துக்குப் பின்னால சொருகிட்டேன். கிழிக்க மனசு வரல, எழுத்துல்ல.

அதுக்கப்புறம் நான் அவுகள வச்சுப் பாத்தேன் பாருங்க, ராணி மாதிரின்னு சொல்வாகளே, ராசா மாதிரி வச்சுப் பாத்தேன். கட்டில்ல மெத்தைய எடுத்துட்டுப் பலகை போட்டேன். தலகாணி கெடையாது. சாப்பாடு படுத்தாப்லதான். குழைச்சு, உருட்டி, வாயில குடுப்பேன். ரசத்துக்கு இளநிக்கடையில இருந்து உறிஞ்சு குழல் வாங்கிட்டு வந்தேன். ஒண்ணுக்கு ரெண்டுக்கு எல்லாம் தட்டுலதான். கூச்சப்பட்டாக. "பாத்ரூமுக்கு மட்டும் போயிட்டு வந்துர்றேன் செல்லக்கனி, எட்டு அடிதான்"பாக. "எந்திரிக்காதீக"ம்பேன். "ஒரு நிமிசம் ஒக்காந்துக்கிறேனே"ம்பாக. "எந்திரிக்காதீக." மக போன்ல "அப்பாவ ஒக்கார விடும்மா"ன்னு திட்டுவா. அவளுக்கு என்ன தெரியும், அவ மாமன அவ பாத்ததே இல்ல.

தொடைக்க, தட்டு வைக்க, துணி மாத்த, நான் ஒத்தையா அவுகளத் தூக்கித் தூக்கிப் புரட்டுவேன். எம்புட்டு ஒடம்பு தெரியுமா அவுகளுக்கு? சிலிண்டர் தூக்குன ஒடம்பு. நான் அவுக தோள் உயரங்கூட இருக்க மாட்டேன். ஆனா நான் விட்டேனா?

காலையில வேலைக்குக் கெளம்புறதுக்கு முன்னால ஒண்ணு செய்வேன். நான் தீப்பெட்டி ஆபீஸ்ல பண்டல் போடுறேன். எங்க வீட்ல தீக்குச்சிக்குப் பஞ்சமில்ல. ஒரு குச்சிய எடுத்து அவுக உள்ளங்கால்ல கோடு போடுவேன். "தெரியுதா?" "தெரியுது." அடுத்த கால். "தெரியுதா?" "தெரியுது தாயி." அவுக தெரியுதுன்னு சொல்ற வரைக்கும் எனக்கு மூச்சு நின்னுரும். எங்கண்ணனுக்கும் இப்பிடித்தான் போட்டுப் பாப்பேன். அவன் மேல பாத்துக்கிட்டே இருப்பான். "போட்டியா?"ன்னு கேப்பான்.

அப்புறம் வாசல்ல பூட்டப் போட்டுருவேன். தப்பா நெனைக்காதீக. யாராவது வந்து "பெத்துராஜ் அண்ணாச்சி"ன்னு கூப்பிட்டா, இவுக மரியாதைக்கு எந்திரிச்சிருவாக. அவுக சுபாவம் அப்பிடி. அதுக்காகத்தான் பூட்டு.

இருபதாம் நாளு, தொடைச்சு விடுறப்ப பாத்தேன், கெண்டங்கால் தொளதொளன்னு ஆடுது. கல்லு மாதிரி இருந்த காலு தாயி. கையில புடிச்சா சதை தனியா, எலும்பு தனியா வருது. எனக்கு உசுரே போயிருச்சு. சூம்புது. அண்ணனுக்கும் மொதல்ல அங்கதான் சூம்புச்சு. நான் பயந்தது சரியாப் போச்சு பாருங்க. படுக்க வச்சே இப்பிடின்னா, அந்தப் பொண்ணு பேச்சக் கேட்டு நடக்க விட்டிருந்தா என்ன ஆயிருக்கும்? அன்னையில இருந்து ஒருக்களிச்சுப் படுக்கவும் கூடாதுன்னுட்டேன். அவுக தன் காலையே பாத்துக்கிட்டு இருந்தாக.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலம் வீடு கூட்டுறப்ப சுவத்தப் பாத்தேன். வெள்ளச் சுவரு. கட்டில் தலைமாட்டுல இருந்து அடுப்படி வரைக்கும், இடுப்பு உயரத்துல, அழுக்கா ஒரு கோடு. அங்கங்க விரல் பதிஞ்சிருக்கு. யாரோ கைய ஊனி ஊனி நடந்து போன மாதிரி.

"என்னங்க இது?"ன்னேன்.

"எது?"

"சுவத்துல."

"பூனையா இருக்கும்"னாக.

பூனைக்கு விரல் அஞ்சு இருக்குமா? அதுவும் இடுப்பு உயரத்துல? வீடோ பூட்டிக் கெடக்கு. இவுகளோ அசைய முடியாமக் கெடக்காக. வேற யாரு? எனக்கு ஒடம்பெல்லாம் சிலுத்துப் போச்சு. எங்கண்ணன்தான். நடக்கணும் நடக்கணும்னு ஆறு வருசம் ஏங்குனவன், ஆளில்லா நேரத்துல வந்து நடந்து பாத்துட்டுப் போறான். கூட இவுகளையும் கூட்டிட்டுப் போகத்தான் வந்திருக்கான். நான் அப்பிடியே கோயிலுக்கு ஓடி, திருநீறு வாங்கிட்டு வந்து, அந்தக் கோடு நெடுகப் பூசுனேன். "அண்ணே, ஒன்ன நான் கடைசி வரைக்கும் பாத்தேன்ல, இவுகள விட்டுருண்ணே"ன்னு சொல்லிச் சொல்லிப் பூசுனேன். அவுக மொகத்த அந்தப் பக்கம் திருப்பிக்கிட்டாக. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழுறாகன்னு நானும் ஒக்காந்து அழுதேன்.

மறுநாள் திருநீத்துலயும் கை பதிஞ்சிருந்துச்சு. எனக்குச் சோறு எறங்கல. வேலையில பண்டல எண்ண மறந்து போறேன். மேஸ்திரி திட்டுறாரு. நான் யார்ட்ட சொல்ல?

நாப்பத்தோராம் நாளு. நல்ல மழை. மழைன்னா குச்சி காயாது, மத்தியானமே வீட்டுக்குப் போகச் சொல்லிட்டாக. வந்து பாக்குறேன். பூட்டு போட்டபடி இருக்கு. தெறந்தா, கட்டில்ல ஆள் இல்ல.

கூப்பிட்டேன். சத்தம் இல்ல. அடுப்படியில இல்ல. பாத்ரூம்ல இல்ல. பின்வாசல் கதவு தெறந்து கெடக்கு. சாரல் உள்ள அடிச்சுத் தரையெல்லாம் ஈரம். வெளிய சகதியில காலடி. ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு வரிசையாப் போகுது. ரயில் ரோட்டப் பாத்துப் போகுது.

எங்கண்ணன் கடைசியில என்ட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். "என்னக் கொண்டு போய்த் தண்டவாளத்துல போட்டுரு புள்ள"ன்னு. அதுதான் எனக்கு அப்ப ஞாபகம் வந்துச்சு. இவுகளும் தவந்து தவந்தே போயிட்டாகன்னு நெனச்சேன். தவந்து போறவுகளுக்கு ஏது காலடி, அதுகூடத் தோணல. ஆணியில மாட்டியிருந்த கொடையக் காணோம், அதயும் பாத்தேன், அதுவும் ஒறைக்கல. சாகப் போறவுக கொட புடிச்சுக்கிட்டா போவாக? பயம் வந்துட்டா மூளை எங்க வேலை செய்யுது.

ஓடுறேன். செருப்பு சகதியில சிக்கிக்கிருச்சு, விட்டுட்டு ஓடுறேன். முந்தான எங்க போச்சுன்னு தெரியல. "ஏ, யாராவது பாத்தீகளா, எங்க வீட்டுக்காரவுகளப் பாத்தீகளா"ன்னு கத்துறேன். மழையில யாரு இருக்கா. தூரத்துல ரயில் சத்தம் கேக்குது. அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு தாயி. ரயில்வே கேட்டு மூடிக் கெடக்கு. ரயிலு தடதடன்னு போகுது. நான் கேட்டுக் கம்பியப் புடிச்சுக்கிட்டு, ஒவ்வொரு பெட்டியா போகப் போக, அடுத்து என்னத்தப் பாக்கப் போறேனோன்னு கண்ண மூடிக்கிட்டேன்.

கண்ணத் தெறந்தா, தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், கேட்டுக்கு வெளிய, என் கொடையப் புடிச்சுக்கிட்டு நிக்காக. ரயில் போகட்டும்னு நிக்காக. நாலு பேரு நிக்கிற மாதிரி, அவுகளும் நிக்காக.

கேட்டுக்காரன் கேட்டத் தெறந்தான். நடந்து வந்தாக. நிமிந்து நடந்து வந்தாக.

"ஏன் செல்லக்கனி நனைஞ்சுக்கிட்டு வந்திருக்க? வேலை இல்லையா?"

அவுக காலத்தான் பாத்தேன். அப்புறம், "எப்பிடி வந்தீக?"ன்னேன்.

"நடந்துதான்."

"எத்தன நாளா?"

தலையக் குனிஞ்சுக்கிட்டாக. "இருபது நாளா."

இருபது நாளு! அம்புட்டு நாளும் நான் உருட்டி ஊட்டிவிட்டிருக்கேன். தட்டு வச்சிருக்கேன். காலு சூம்புனதப் பாத்து அவுகளுக்கும் பயம் வந்துருச்சாம். மறுநாளே ஒருக்களிச்சு, கைய ஊனி எந்திரிச்சிருக்காக. மொத நாளு கட்டிலச் சுத்தி. அப்புறம் சுவத்தப் புடிச்சு அடுப்படி வரைக்கும். அப்புறம் பின்வாசல். நான் வர்ற நேரம் தெரியும்ல, அதுக்கு முன்னால வந்து படுத்துக்குவாகளாம். ரெண்டு நாளு நான் சீக்கிரம் வந்தப்ப ஓடி வந்து படுத்தாகளாம். ஓடி வந்து!

அப்பிடியே சகதியில ஒக்காந்துட்டேன். அவுக கொடைய என் தலைக்கு மேல புடிச்சுக்கிட்டுக் கீழ வந்தாக.

"குனியாதீக!"ன்னு கத்துனேன்.

"குனியல தாயி. முட்டி போடுறேன். இந்தா பாரு, முதுகு நேராத்தான் இருக்கு."

"என்ட்ட ஏன் சொல்லல? சொல்லக் கூடாதவளா நானு?"

"சொன்னா நீ வேலைக்குப் போகாமக் காவலுக்கு ஒக்காந்துருவ. அதுவும் இல்லாம, நீ தீக்குச்சிய எடுத்துக்கிட்டு காலுகிட்ட வருவ பாரு, அப்ப ஒன் கை நடுங்கும். அதப் பாத்துட்டு எப்பிடிச் சொல்ல? வலிக்குப் பயந்து நான் ஒரு நாளும் படுத்துக் கெடக்கல செல்லக்கனி. ஒனக்காகத்தான் கெடந்தேன்."

அப்பத்தான் சொன்னேன். கல்யாணமாகி இருபத்துமூணு வருசமா சொல்லாதத அந்தக் கேட்டுக்கிட்ட, மழையில சொன்னேன். எங்கண்ணன் விழுந்த அன்னைக்கு நான்தான் மொதல்ல ஓடுனேன். எனக்குப் பதினஞ்சு வயசு. சோத்துவாளி கொண்டு போனவ. மணல்ல மல்லாக்கக் கெடந்தான், "தண்ணி, தண்ணி"ன்னான். நான் அவன் கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கி, என் மேல சாய்ச்சு ஒக்கார வச்சுத் தண்ணி குடுத்தேன். அப்புறம் வந்த ஆளுக எல்லாம், "ஐயோ, யாரு தூக்குனது? இப்பிடி விழுந்தவன அசைக்கவே கூடாதே"ன்னாக. நான் வாயத் தெறக்கல. அவன்கிட்டயும் சொல்லல. ஆறு வருசம் அவன் என் மொகத்தப் பாத்து, "நீ எனக்கு அம்மா புள்ள"ன்னு சொல்வான். நான் தலையாட்டிக்குவேன்.

அவுக கொடைய என் பக்கம் இன்னும் சாச்சாக. அப்புறம், "மூணாவது மாடியில இருந்து விழுந்தவரு. விழுந்தப்பவே எல்லாம் முடிஞ்சிருச்சு. நீ தண்ணிதான் குடுத்த"ன்னாக.

சொன்னாக. அவுகளுக்கு என்ன தெரியும். அவுக அப்ப எங்க இருந்தாக, நான் எங்க இருந்தேன்.

எனக்கு எந்திரிக்க முடியல. அவுகதான் என் கையப் புடிச்சாக. "என் தோளப் புடி. மொதல்ல ஒரு காலு. அவசரப்படாத. இப்ப இன்னொரு காலு"ன்னு சொல்லிச் சொல்லித் தூக்கி விட்டாக. வீடு வரைக்கும் ஒரே கொடையில வந்தோம். நான் ரெண்டு நாளு பேசல. எனக்குத் துரோகம் பண்ணிட்டாகல்ல? நீங்களே சொல்லுங்க, இது துரோகமா இல்லையா? சாமி படத்துக்குப் பின்னால இருந்த பேப்பர எடுத்துச் சுவத்துல ஒட்டிக்கிட்டாக, என் கண்ணு முன்னாலயே. திருநீறு பூசுன அதே எடத்துல.

ஆஸ்பத்திரிக்கும் போனோம். அந்தப் பொண்ணு இவுகளக் குனிய வச்சு நிமித்தி, "சூப்பர் சார்"னுச்சு. அப்புறம் என்னயப் பாத்து, "அம்மா, நீங்க ஏன் ஒரு பக்கமா சாஞ்சு நடக்குறீங்க? இப்பிடிப் படுங்க, பாக்குறேன்"னுச்சு. எனக்கு என்ன கேடு? சேலையச் சரி பண்ணிக்கிட்டு வெளிய வந்துட்டேன்.

இப்ப ஏஜென்சியில அவுகளத் தூக்க வேண்டாம்னுட்டாக, வண்டி மட்டும் ஓட்டச் சொல்லிட்டாக. நல்ல மனுசங்க. அதனாலதான் இவுக பொழச்சாக. அதுவும் நான் மொத இருபது நாளு அசையாமப் போட்டு வச்சேன்ல, அந்தப் பலன்தான். அது இல்லாட்டி நடந்திருப்பாகளா? அதத்தான் ஒங்களுக்குச் சொல்ல வந்தேன்.

தினமும் காலையில நடக்கப் போறாக. நான் கூடப் போறதில்ல. கூடப் போனா, "நான் என்ன சின்னப்புள்ளையா"ம்பாக. பின்னால போவேன், அவுகளுக்குத் தெரியாம. திடீர்னு விழுந்துட்டா புடிக்க ஆள் வேணும்ல. எனக்குத்தான் முன்ன மாதிரி எட்டு வச்சு நடக்க முடியல. அவுகளப் புரட்டிப் புரட்டி இந்த எடது பக்கம் புடிச்சுக்கிருச்சு, ஒக்காந்து எந்திரிச்சா கண்ணுல தண்ணி வந்துரும். அது கெடக்கு, பொம்பளைக்கு எப்பவும் உள்ளதுதான். ஆனா அவுகளுக்கு இன்னும் சரியாகல தாயி. யாருக்கும் தெரியாது, நான் பின்னால இருந்து பாக்குறேன்ல, எனக்குத் தெரியும். கொஞ்ச தூரம் விறுவிறுன்னு போவாக, பொசுக்குன்னு நின்னுருவாக. வேட்டிய அவுத்துக் கட்டுவாக. வேப்பங்குச்சி ஒடிப்பாக. சும்மா ஆகாசத்தப் பாத்துக்கிட்டு நிப்பாக. வலி வந்து நிக்காக, வெளிய சொல்ல மாட்டேங்கிறாக. நான் மெல்ல மெல்ல நடந்து பக்கத்துல வந்து சேந்ததும் வலி விட்டுரும் போல, மறுபடி நடக்க ஆரம்பிச்சிருவாக. தினமும் இப்பிடித்தான், நூறு அடிக்கு ஒரு தடவ. திரும்பிப் பாக்காம அப்பிடியே நிப்பாக. அதப் பாக்கப் பாக்க எனக்கு ஈரக்கொல நடுங்குது.